டெம்பர்டுன்னா கோவமா, உறுதியா, நிதானமா?

கேள்வி இதுதான். டெம்பர்டு கிளாஸ்னா உறுதியான கண்ணாடி, ஷார்ட் டெம்பர்டுன்னா முன்கோபி, ஆனா பொருளாதார நியூஸ்ல "டெம்பர்டு ஆப்டிமிசம்"னு வருது, சமையல் குறிப்புல "டெம்பர்டு வித் மஸ்டர்ட் சீட்ஸ்"னு போடுறாங்க, ஒரே வார்த்தை எப்படி இத்தனை இடத்துல வருது, தமிழ்ல எழுதணும்னா எப்படி எழுதுறது?

நான் ஹீட் ட்ரீட்மென்ட் ஷாப்புல வேலை பார்த்துட்டு இப்போ மெஷின் மேனுவல்களை தமிழ்ப்படுத்துற வேலைல இருக்கறவன், அதனால இந்த வார்த்தை ரெண்டு வேலைலயும் என்னை விட்டதில்ல. பதில் கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், மத்ததெல்லாம் அதுல இருந்து தானா வரும். டெம்பர்டுன்னா "கடினமாக்கப்பட்ட"ன்னு அர்த்தம் கிடையாது. நூத்துக்கு தொண்ணூறு பேர் அப்படித்தான் நினைக்கறாங்க, காரணம் மொபைல் கடைல ஒட்டித் தர்ற அந்த கிளாஸ். இந்த வார்த்தைக்கு மூலம் டெம்பராரேங்கற லத்தீன் வினைச்சொல். சரியான விகிதத்துல கலக்குறது, ஒண்ணு மிஞ்சிப் போகாம இன்னொண்ணால மட்டுப்படுத்துறது, அதான் அர்த்தம். ரோமர்கள் ஒயின்ல தண்ணி ஊத்திக் கலந்து குடிப்பாங்க, அதுக்கும் இதே வினையைத்தான் சொன்னாங்க. டெம்பரேச்சர், டெம்பரமென்ட், டெம்பரன்ஸ் எல்லாம் இதே வீட்டுப் பிள்ளைங்கதான், பூகோளப் புஸ்தகத்துல மிதவெப்ப மண்டலம்னு படிச்சோமே, அதோட இங்கிலீஷ் பேரு டெம்பரேட் ஸோன், கொதிக்கவும் கொதிக்காது உறையவும் உறையாது. நம்ம வீட்டு சுவத்துக்கு அடிக்கிற டிஸ்டெம்பர் கூட இதுதான், நிறப்பொடியை தண்ணியும் பசையும் சேர்த்துக் குழைக்கறதுல இருந்து வந்த பேரு. நாய்க்கு ஊசி போடுறோமே டிஸ்டெம்பர்னு ஒரு நோய்க்கு, அதுவும் இதே வேர்தான், உடம்புக்குள்ள இருக்கற சமநிலை கெட்டுப் போச்சுங்கற அர்த்தத்துல வெச்ச பேரு.

தமிழ்ல இதுக்கு ரொம்ப நெருக்கமா ஒரு வார்த்தை தேடினா "பதம்"தான் எனக்குத் தோணும். பாகு பதம், மண்ணு பதம், இரும்பு பதம்னு எல்லாத்துக்கும் சொல்றோம்ல, கூடவும் கூடாது குறையவும் கூடாதுங்கற அந்த ஒரு இடம். "பதமா எடுத்துட்டாங்க"ன்னா ஒருத்தருக்கு இறுக்கம் மனசுல வரும், இன்னொருத்தருக்கு இளக்கம் வரும், ரெண்டுமே சரி, எந்தப் பொருளுன்றதைப் பொறுத்தது. டெம்பர்டும் அப்படியேதான். ஆனா பள்ளிக்கூட அகராதில இருக்கற "பதப்படுத்தப்பட்ட"ங்கறதை அப்படியே தூக்கிப் போடாதீங்க, அது இப்போ டப்பால அடைச்ச மீனுக்கும் தோலுக்கும் போயிடுச்சு, "பதப்படுத்தப்பட்ட கண்ணாடி"ன்னு எழுதினா ஊறுகாய் ஞாபகம்தான் வரும்.

சரி, கோவத்துக்கு வருவோம். நம்ம ஊர்ல வாதம் பித்தம் கபம்னு சொல்ற மாதிரியே ஐரோப்பாவுல ரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம்னு நாலு திரவம் உடம்புக்குள்ள ஓடுதுன்னு ரொம்ப காலம் நம்பிட்டு இருந்தாங்க. இந்த நாலும் ஒருத்தர் உடம்புல எந்த விகிதத்துல கலந்திருக்கோ அதான் அவரோட டெம்பர், அதாவது குணம். மஞ்சள் பித்தம் ஜாஸ்தியானா சிடுசிடுன்னு இருப்பான், நாமளும் "பித்தம் தலைக்கேறிடுச்சா"ன்னு கேக்கறோம்ல. ஆகமொத்தம் டெம்பர்ங்கறது முதல்ல கோவம் இல்ல, சமநிலை. அதனாலதான் இங்கிலீஷ்ல கோவப்பட்டா "லூஸ் டெம்பர்", டெம்பரைத் தொலைச்சுட்டான்னு சொல்றாங்க, கோவத்தையா தொலைப்பான், நிதானத்தைத்தான் தொலைக்கறான். நாளடைவுல பேட் டெம்பர்ங்கறதைச் சுருக்கி வெறும் டெம்பர்னாலே கோவம்னு ஆகிப்போச்சு, அதைத்தான் நாம எடுத்துக்கிட்டு "மேனேஜர் டெம்பர் ஆயிட்டாரு"ன்னு பேசறோம்.

இங்கதான் ஒரு இலக்கண விஷயம் இருக்கு, இதைப் புரிஞ்சுக்கிட்டா பாதிக் குழப்பம் போயிடும். ஷார்ட் டெம்பர்டு, ஹாட் டெம்பர்டு, குட் டெம்பர்டு, ஈவன் டெம்பர்டு, இதுல வர்ற கடைசி "டு" வினையில இருந்து வந்தது கிடையாது. ப்ளூ ஐடுன்னா நீலக் கண் உடையவன், லாங் ஹேர்டுன்னா நீள முடி உடையவ, அந்த மாதிரி "இந்த மாதிரி டெம்பர் உடையவன்"னு அர்த்தம். டெம்பர்டு ஸ்டீல், டெம்பர்டு கிளாஸ், டெம்பர்டு கிரிட்டிசிசம், இதுல வர்ற "டு"தான் வினை, டெம்பர் பண்ணப்பட்டது, யாரோ அல்லது எதுவோ அதைப் பதத்துக்குக் கொண்டு வந்திருக்கு. அதனால முன்னாடி ஒட்டு இல்லாம வெறுமனே "ஹி இஸ் அ டெம்பர்டு மேன்"னு கோவக்காரனைச் சொன்னா அது தலைகீழா போயிடும், இங்கிலீஷ்காரனுக்கு அது "பக்குவப்பட்ட மனுஷன்"னு கேக்கும். ஆபீஸ் மெயில்ல "த கஸ்டமர் இஸ் வெரி டெம்பர்டு"ன்னு எழுதறதை நான் நிறைய பார்த்திருக்கேன், வாடிக்கையாளர் கத்திட்டு இருக்காருன்னு எழுத வந்துட்டு அவருக்கு நல்ல சர்டிபிகேட் கொடுத்து வெச்சிருப்பாங்க.

இப்போ இரும்பு. இதுல கொஞ்சம் நிறுத்தி சொல்றேன், ஏன்னா அடிபட்டு உரமேறினதுன்னு சொல்ற உவமை அர்த்தம் இந்தப் பட்டறைல இருந்துதான் போச்சு.

கார்பன் கொஞ்சம் கூடுதலா இருக்கற ஸ்டீலை செக்கச்செவேல்னு, சுமார் 800 டிகிரிக்குக் காய்ச்சி டக்குன்னு தண்ணியிலயோ எண்ணெயிலயோ முக்கினா அது பயங்கரக் கடினமாயிடும். இதுக்குப் பேரு ஹார்டனிங், முக்கறதுக்குப் பேரு குவென்ச்சிங். உள்ள என்ன நடக்குதுன்னா, சூட்டுல இரும்பு அணுக்களுக்கு நடுவுல கரைஞ்சிருந்த கார்பன் வெளிய வர நேரம் கிடைக்காம அப்படியே மாட்டிக்கிது, அடுக்கு முறுக்கிக்கிட்டு நிக்குது, இந்த நிலைக்குப் பேரு மார்டென்சைட். பேரிங்குக்கு போற இஎன்31 மாதிரி ஸ்டீல்னா இந்த நிலைல 64, 65 ஹெச்ஆர்சி காட்டும், ஹெச்ஆர்சிங்கறது கடினத்தை அளக்கற ராக்வெல் அளவு. ஆனா இதை இப்படியே எடுத்து உபயோகிக்க முடியாது, கீழ போட்டா கண்ணாடி மாதிரி தெறிக்கும், சில சமயம் நாளைக்குப் பார்த்துக்கலாம்னு ராத்திரி ட்ரேல வெச்சுட்டுப் போனா காலைல தானா விரிசல் விட்டிருக்கும். அதனால உடனே மறுபடி சூடு பண்ணணும், ஆனா இந்த முறை குறைச்சலா, வேலையைப் பொறுத்து 150ல இருந்து 650 டிகிரிக்குள்ள. மாட்டிக்கிட்டிருந்த கார்பன்ல கொஞ்சம் மெல்ல வெளிய வந்து நுண்ணிய கார்பைடா ஒதுங்கும், உள்ள இருந்த முறுக்கு தளரும். இந்த ரெண்டாவது சூட்டுக்குத்தான் டெம்பரிங்னு பேரு. பண்ணி முடிச்சா அந்த 65 இறங்கி 60 சொச்சத்துக்கு வந்து நிக்கும். கவனிங்க, டெம்பரிங் பண்ணதுல கடினம் குறைஞ்சிருக்கு, ஏறல. கொஞ்சம் கடினத்தை விட்டுக்கொடுத்து நிறைய தாங்குசக்தியை வாங்கிக்கறது, அவ்வளவுதான் வியாபாரம்.

கொல்லப்பட்டறைல இதை ஒரே சூட்டுல முடிப்பாங்க, பார்க்கவே அழகா இருக்கும். மாமல்லபுரம் மாதிரி கல்லு செதுக்கற இடங்கள்ல பக்கத்துலயே சின்னதா ஒரு உலை இருக்கும், கருங்கல்லுல உளி சீக்கிரம் மழுங்கிடும், அதைக் காய்ச்சித் தட்டி கூராக்கி தோய்ச்சல் போட்டுத் தரணும். உளி முனையைப் பழுக்கக் காய்ச்சி, முனையை மட்டும் ஒரு அங்குலம் தண்ணில விட்டு லேசா மேலயும் கீழயும் ஆட்டிக்கிட்டே இருப்பாங்க, ஒரே இடத்துல அசையாம வெச்சா அந்த தண்ணிக் கோட்டுலயே விரிசல் விட்டுடும். வெளிய எடுத்து முனையை ஒரு கல்லுத் துண்டால பரபரன்னு தேய்ச்சு பளபளப்பாக்கிட்டு அப்படியே பார்த்துக்கிட்டு நிப்பாங்க. உளியோட உடம்புல மிச்சம் இருக்கற சூடு முனையைப் பார்த்து நகர்ந்து வரும், அதோட கூடவே நிறமும் ஓடி வரும். முதல்ல வெளிர் வைக்கோல் நிறம், அது சுமார் 220, 230 டிகிரி, அப்புறம் பழுப்பு, அப்புறம் கத்திரிப்பூ நிறம், அது 280 பக்கம், அதுக்கு மேல 300ஐ ஒட்டி நீலம். வேணுங்கற நிறம் முனையைத் தொட்ட நொடில முழு உளியையும் தண்ணில போட்டுடணும், ரெண்டு நொடி தாமதிச்சாலும் நிறம் தாண்டிப் போயிடும், மறுபடி முதல்ல இருந்துதான். அந்த நிறம் இரும்போட நிறம் கிடையாது, மேல படியற ஆக்சைடு படலத்தோட கனம், சோப்புக் குமிழில நிறம் தெரியற அதே இயற்பியல். கூர் நிக்கணும்னா வைக்கோல் நிறத்துலயே நிறுத்துவாங்க, வளைஞ்சு நிமிரணும், ஸ்ப்ரிங் மாதிரின்னா நீலம் வரைக்கும் விடுவாங்க. தெர்மாமீட்டர் எதுவும் இல்லாம கண்ணாலயே பத்து இருபது டிகிரிக்குள்ள பிடிக்கறாங்க, இதுக்கு மேல என்ன மெட்டலர்ஜி வேணும்.

ஃபேக்டரில இதே வேலைக்கு ஃபர்னஸ், சார்ட், ரிப்போர்ட் எல்லாம் இருக்கும். கடைல இஎன்24டின்னு ஒரு ஸ்டீல் கேட்டு வாங்கறோமே, அந்தக் கடைசி "டி" ஏற்கனவே ஹார்டன் பண்ணி டெம்பர் பண்ணது, 850ல இருந்து 1000 மெகாபாஸ்கல் வரைக்கும் இழுவிசை தாங்கற கண்டிஷன்னு அர்த்தம். ட்ராயிங்ல "ஹெச் அண்ட் டி"ன்னு போட்டிருந்தா இந்த ரெண்டு படியும் செய்யணும்னு அர்த்தம், மொழிபெயர்க்கும்போது "கடினமாக்கி, பதமாற்றி"ன்னு ரெண்டையும் தனித்தனியா எழுதுங்க, "கடினமாக்கப்பட்ட"ன்னு ஒண்ணா முடிச்சா பாதி வேலை காணாமப் போயிடும்.

வீடு கட்டினவங்களுக்கு இன்னும் பக்கத்துல ஒரு உதாரணம் இருக்கு, டிஎம்டி கம்பி. இதுல வர்ற டி டெம்பர்டுன்னு பலர் சொல்றாங்க, இல்ல, அது தெர்மோ மெக்கானிக்கலி ட்ரீட்டட். ஆனா டெம்பரிங் உள்ள நிஜமாவே நடக்குது. ரோலிங் மில்லுல இருந்து கம்பி சுமார் 1000 டிகிரில வெளிய வரும்போது தண்ணி பெட்டி வழியா சர்ருன்னு போகும், வெளித்தோல் மட்டும் அடிபட்டு மார்டென்சைட்டா இறுகிடும், நடு இன்னும் செவசெவன்னு இருக்கும். வெளிய வந்ததும் அந்த நடுச்சூடு தோலுக்குப் பரவி தோலைத் தானே டெம்பர் பண்ணிடும், தனியா அடுப்பு வேண்டாம். 1970கள்ல பெல்ஜியத்துல உருவாக்கின முறை இது. வெட்டின முனையை நல்லா பாலீஷ் பண்ணி நைட்ரிக் ஆசிட் கலந்த ஸ்பிரிட் தடவினா ஓரத்துல கருப்பா ஒரு வளையம், நடுவுல வெளிர் நிறம்னு தெளிவா தெரியும், அந்தக் கருப்பு வளையம்தான் டெம்பர்டு மார்டென்சைட். அது பலத்தைத் தரும், நடு வளைஞ்சு கொடுக்கும். சைட்டுல சில பேர் தடிமனான கம்பியை கேஸ் வெச்சு காய்ச்சி வளைப்பாங்க, தயவுசெஞ்சு விடாதீங்க, அந்த வளையத்தோட பதம் கெட்டுப் போயிடும், காசு கொடுத்து வாங்கின பலம் அங்கயே போச்சு.

இப்போ கண்ணாடிக்கு வருவோம், எனக்கு இந்த வார்த்தைல ரொம்ப வேடிக்கையா படற இடம் இதுதான். கண்ணாடியை டெம்பர் பண்றதும் இரும்பை டெம்பர் பண்றதும் ஒண்ணுக்கொண்ணு நேர் எதிர். இரும்புல டெம்பரிங்ங்கறது உள்ள இருக்கற அழுத்தத்தை இறக்குறது. கண்ணாடில வேணும்னே அழுத்தத்தை உள்ள ஏத்துறது, சொல்லப்போனா அது குவென்ச்சிங்தான், பேரு மட்டும் டெம்பரிங். வேற நாட்டுல இதுக்கு டஃபன்டு கிளாஸ்னு சொல்றாங்க, பிரிட்டிஷ் வழக்கம், நம்ம இந்தியத் தர விதிமுறைகள்லயும் டஃபன்டுதான், டெம்பர்டுங்கறது அமெரிக்கா பக்கத்துல இருந்து வந்தது. ரெண்டும் ஒரே பொருள்தான், கடைக்காரர் ரெண்டு ரேட் சொன்னா ஏமாந்துடாதீங்க.

எப்படிப் பண்றாங்கன்னா, அளவுக்கு வெட்டி, துளை போட்டு, ஓரம் தேய்ச்சு, எல்லாம் முடிஞ்ச கண்ணாடியை சுமார் 620 டிகிரிக்கு சூடு பண்ணி ரெண்டு பக்கமும் காத்தை வேகமா பீய்ச்சி அடிப்பாங்க. மேல்தோல் முதல்ல குளிர்ந்து இறுகிடும். உள்பக்கம் அப்புறமாதான் குளிரும், குளிரும்போது சுருங்கப் பார்க்கும், ஆனா இறுகின தோல் விடாது. கடைசில தோல் அழுந்தின நிலைல, நடு இழுபட்ட நிலைல நின்னுடும். கண்ணாடி எப்பவும் மேல்தோல்ல இருக்கற கண்ணுக்குத் தெரியாத கீறல் இழுபட்டு விரியறதாலதான் உடையும், இங்க தோல் ஏற்கனவே அழுந்திக் கிடக்கறதால முதல்ல அந்த அழுத்தத்தைத் தோக்கடிச்சாத்தான் கீறல் வாயைத் திறக்கும். அமெரிக்கத் தரப்படி மேல்தோல் அழுத்தம் குறைஞ்சது 69 மெகாபாஸ்கலாவது இருக்கணும், சாதா கண்ணாடியை விட நாலஞ்சு மடங்கு தாங்கும். ஆனா ஓரிடத்துல அந்தத் தோல் தாண்டி உடைஞ்சதுன்னா உள்ள அடக்கி வெச்ச சக்தி மொத்தமும் ஒரே சமயத்துல வெளிய வந்து முழுப் பலகையும் பொல பொலன்னு சின்னக் கட்டியா கொட்டிடும். கத்தி மாதிரி நீளத் துண்டு வராதுங்கறதுதான் பாதுகாப்பு, உடையாதுங்கறது இல்ல. அதனாலதான் டெம்பர் பண்ணப்புறம் வெட்டவோ துளை போடவோ முடியாது, கதவுல கைப்பிடிக்கு துளை விட்டுப்போச்சுன்னா புதுக் கண்ணாடிதான்.

அதோட பலவீனம் ஓரமும் மூலையும். நடுவுல கையால குத்தினா ஒண்ணும் ஆகாத கண்ணாடிக் கதவை கழட்டி டைல்ஸ் தரைல மூலை படற மாதிரி நிக்க வெச்சா போச்சு. ஏசி பஸ்ல ஜன்னல் பக்கத்துல சிவப்பு சுத்தியல் மாட்டியிருப்பாங்களே, அதை ஆபத்துக்கு எடுத்தா நடுவுல அடிக்காம மூலைகிட்ட அடிக்கணும்னு சொல்றது இதுக்குத்தான். கார்ல முன் கண்ணாடி வேற ரகம், அது லேமினேட்டட், ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல பிளாஸ்டிக் படலம், உடைஞ்சாலும் ஒட்டிக்கிட்டே நிக்கும், அங்க இந்த சுத்தியல் வேலை செய்யாது. இன்னொண்ணு, யாரும் தொடாமலே கண்ணாடி படார்னு வெடிச்சுதுன்னு சொன்னா உடனே செய்வினைன்னு கிளம்பாதீங்க, தயாரிப்புல உள்ள மாட்டிக்கிட்ட நிக்கல் சல்ஃபைடு துணுக்கு நாள்பட மெல்லப் பெருத்து நடுப்பகுதில விரிசலைக் கிளப்பிடும். பெரிய கட்டடத்துக்குப் போற கண்ணாடியை முன்னாடியே அடுப்புல சூடா வெச்சு, உடையறதெல்லாம் அங்கயே உடையட்டும்னு கழிச்சுக் கட்டற வழக்கமும் இருக்கு.

மொபைல் கடைல "டெம்பர் போடவா அண்ணே"ன்னு கேக்கறாங்களே, அந்த கிளாஸ் பெரும்பாலும் இப்படிக் காத்தடிச்சு டெம்பர் பண்ணது கிடையாது. அது 0.33 மில்லிமீட்டர் கனம்தான், அவ்வளவு மெல்லிசுல தோலுக்கும் நடுவுக்கும் சூடு வித்தியாசமே நிக்காது. உருகின பொட்டாசியம் நைட்ரேட் தொட்டியில முக்கி, கண்ணாடித் தோல்ல இருக்கற சின்ன சோடியம் அயனை எடுத்துட்டு அந்த இடத்துல பெரிய பொட்டாசியம் அயனைத் திணிச்சு அழுத்தத்தை உண்டாக்கறாங்க. வேலை அதே வேலை, வழிதான் வேற. பாக்கெட்டு மேல "9ஹெச்"னு கொட்டை எழுத்துல போட்டிருக்கும், அது பென்சில் கடினம், பென்சில் முனையால கீறிப் பார்க்கற சோதனை. வைரம் 10, இது 9னு சில பேர் வாய்கூசாம சொல்றாங்க, வைரத்துக்கு 10 போடற அந்த மோஸ் அளவுகோலே வேற. சட்டைப் பையில இருக்கற ஆத்து மணல் துகள் அதைக் கீறிடும், மணல்ல இருக்கற குவார்ட்ஸ்ங்கற கனிமம் கண்ணாடியை விடக் கடினம்.

அலுமினியத்துல டெம்பர்ங்கறது ஒரு குறியீடா போயிடுச்சு, ஜன்னல் சட்டத்துக்கு வாங்கற 6063ங்கற கலவைக்குப் பின்னாடி வர்ற டி5, டி6 எல்லாம் டெம்பர் நம்பர்தான், "ஓ"ன்னா இளக்கின நிலை, "ஹெச்"னா சூடு பண்ணாம அழுத்தி இறுக்கினது. ஹார்டுபோர்டுல எண்ணெய் ஊற விட்டு சுட்டெடுத்தா அதுக்கும் டெம்பர்டுன்னு பேரு, தொல்லியல்காரங்க பானை ஓட்டைப் பார்த்து டெம்பர் என்னன்னு கேட்டா களிமண்ணுல கலந்த மணலோ உமியோ என்னன்னு கேக்கறாங்க. இது போதும், தொடரலாம்.

சமையல்ல மூணு விதமா வரும். சாக்லேட்டை டெம்பர் பண்றதுங்கறது பட்டறை வேலைக்கு ரொம்ப நெருக்கம். கோகோ வெண்ணெய் ஆறு விதமா படிகமாகும், அதுல அஞ்சாவது மட்டும்தான் நமக்கு வேணும், பளபளப்பு, உடைச்சா டக்குன்னு ஒரு சத்தம், கையில ஒட்டாம வாயில உருகறது எல்லாம் அதுகிட்ட. டார்க் சாக்லேட்டை 45 டிகிரிக்கு மேல உருக்கி, 27, 28க்கு இறக்கி, மறுபடி 31, 32க்கு ஏத்தினா மத்த படிகமெல்லாம் கரைஞ்சு இது மட்டும் நிக்கும். மே மாசம் கடைல இருந்து கொண்டு வரும்போதே இளகிப்போன சாக்லேட்டை ஃப்ரிட்ஜ்ல வெச்சு எடுத்தா மேல வெள்ளை வெள்ளையா பூத்திருக்கும்ல, பூஞ்சைன்னு தூக்கிப் போடாதீங்க, டெம்பர் போயிடுச்சு, அவ்வளவுதான், சாப்பிடலாம். ரெண்டாவது, கஸ்டர்டுக்கு முட்டையை டெம்பர் பண்றது, சூடான பாலைக் கொஞ்சம் கொஞ்சமா முட்டையில ஊத்தி அதை சூட்டுக்குப் பழக்கறது, மொத்தமா ஊத்தினா முட்டைப் பொரியல்தான். மூணாவது நம்ம தாளிப்பு. இந்திய இங்கிலீஷ்ல டெம்பரிங்னு எழுதினா அமெரிக்காக்காரன் சாக்லேட்டைத்தான் நினைப்பான், அதனால சில பேர் இதைத் தப்பு இங்கிலீஷ்னு சொல்றாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. போர்ச்சுகீஸ்ல இதே லத்தீன் வேர்ல வந்த டெம்பெராருக்கு மசாலா சேர்க்கறதுன்னுதான் அர்த்தம், இலங்கையில சிங்களத்துல தெம்பராதுன்னு சொல்றது போர்ச்சுகீஸ்ல இருந்து வந்த வார்த்தை, கொழும்புல டெம்பர்டு பொட்டேட்டோஸ்னு மெனுல போடுவாங்க. வெளிநாட்டு வாசகருக்கு எழுதறீங்கன்னா மட்டும் கடுகு எண்ணெயில பொரியறதை ஒரு வரில விளக்கிடுங்க.

சங்கீதத்துல வெல் டெம்பர்டுன்னு ஒண்ணு கேள்விப்பட்டிருப்பீங்க, 1722ல ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் தன்னோட கீபோர்டு தொகுப்புக்கு வெச்ச பேர்ல அது இருக்கு. சுத்தமான ச-ப உறவு 3க்கு 2, அதாவது 1.5. அந்த சுத்தத்துலயே எல்லா சுரத்தையும் கட்டிக்கிட்டுப் போனா சுத்தி வந்து சேரும்போது இடிக்கும், ஒரு ஸ்கேல் இனிக்கும் இன்னொண்ணு ஊளையிடும். அதனால ஒவ்வொண்ணுலயும் துளி துளி விட்டுக்கொடுத்து எல்லா ஸ்கேலும் கேக்கற மாதிரி ஆக்கறாங்க, இன்னிக்கு கீபோர்டுல ச-ப 1.5 கிடையாது, 1.498. அந்த விட்டுக்கொடுத்தல்தான் டெம்பரிங். நம்ம காதுக்கு இந்த சமரசம் ஒத்து வராதுங்கறதும், கமகம் பிடிக்க முடியாதுங்கறதும் சேர்ந்துதான் ஆல் இந்தியா ரேடியோ 1940ல ஆர்மோனியத்தை நிறுத்தி வெச்சுது, 1971 வரைக்கும் அந்தத் தடை நீண்டுச்சு.

கடைசியா எழுத்துல, பேச்சுல வர்ற டெம்பர்டு. இது பெரும்பாலும் "வித்" அல்லது "பை" கூட வரும். ஜஸ்டிஸ் டெம்பர்டு வித் மெர்சின்னா கருணை கலந்த நீதி, இங்க ஒயின்ல தண்ணி ஊத்தின அந்தப் பழைய அர்த்தம் அப்படியே இருக்கு. ஒண்ணை வேணும்னே கலந்து இதப்படுத்தினா வித் பொருத்தமா இருக்கும், நிலைமையே அடக்கி வெச்சா பை, உற்சாகம் இருந்துச்சு ஆனா பட்ஜெட் இடிச்சதால மட்டுப்பட்டுச்சுன்னு சொல்ல பை போடுங்க. இது கறாரான விதி இல்ல, ரெண்டையும் மாத்தி எழுதறவங்களும் இருக்காங்க. டெம்பர்டு ஆப்டிமிசம்னா நம்பிக்கை இருக்கு, ஆனா துள்ளல, "எச்சரிக்கை கலந்த நம்பிக்கை"ன்னு எழுதலாம். டெம்பர்டு ரெஸ்பான்ஸ்னா நிதானமான பதில். டெம்பர் யுவர் எக்ஸ்பெக்டேஷன்ஸ்னா ரொம்ப எதிர்பார்க்காதீங்க, அவ்வளவுதான்.

ஆனா டெம்பர்டு பை வார், டெம்பர்டு பை ஹார்ட்ஷிப்னு ஆளைச் சொன்னா அர்த்தம் எதிர்ப்பக்கம் திரும்பிடும், அங்க பட்டறைதான் பேசுது, அடிபட்டு உரமேறினவன்னு அர்த்தம். எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னா எது டெம்பர் ஆகுதுன்னு பாருங்க. ஆசை, உற்சாகம், விமர்சனம், சந்தோஷம் மாதிரி பொங்கற சமாச்சாரம்னா குறையுது. ஆள், தலைமுறை, மனோபலம், படைன்னா இறுகுது. "போரால் மட்டுப்பட்ட தலைமுறை"ன்னு ஒரு மொழிபெயர்ப்புல பார்த்தேன், ரெண்டு அர்த்தத்துல தப்பானதை எடுத்துட்டாங்க, "போரில் புடம்போட்ட தலைமுறை"ன்னு வந்திருக்கணும். கணக்குலயும் ஒரு டெம்பர்டு இருக்கு, கணித அறிஞர் லோரான் ஷ்வார்ட்ஸ் கொடுத்த டெம்பர்டு டிஸ்ட்ரிபியூஷன், அங்க மிதமா மட்டுமே வளரறது, எகிறாததுன்னு அர்த்தம், கணக்குப் படிக்கறவங்க "கடினப் பரவல்"னு எதையாவது எழுதிடாதீங்க.

இன்னொரு தொல்லை டேம்பர்டு. எவிடென்ஸ் டேம்பர்டு, சீல் டேம்பர்டு, மீட்டர் டேம்பர்டு, இதெல்லாம் இங்கிலீஷ்ல "இ"க்கு பதிலா "ஏ" (a) எழுத்து, கள்ளத்தனமா கைவெச்சதுன்னு அர்த்தம். அதுவும் ஒரு காலத்துல டெம்பர்ல இருந்து பிரிஞ்சு போன வார்த்தைதான்னு சொல்றாங்க, மண்ணைக் குழைச்சுப் பதம் பண்றதுல ஆரம்பிச்சு, வேண்டாத இடத்துல கையை விடறதுல போய் நின்னுடுச்சு. இன்னிக்கு ரெண்டும் முழுசா வேற. பார்சல்ல "டு நாட் அக்செப்ட் இஃப் டெம்பர்டு"ன்னு "இ" (e) எழுத்து போட்டு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாங்க, அப்படியே படிச்சா பக்குவமா இருந்தா வாங்காதேன்னு அர்த்தம். கரண்ட் மீட்டர் புகார் எழுதறவங்க, போலீஸ்ல மனு கொடுக்கறவங்க இந்த ஒரு எழுத்தை மட்டும் பார்த்து எழுதுங்க, மத்ததை ஆபீஸ்ல இருக்கறவங்க புரிஞ்சுக்குவாங்க.